ஒன்றேகால் லட்சமும் இரண்டு சைக்கிளும்

ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரு பைசா போகக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு பெங்களூரில் நல்ல மலைப்பாதை சைக்கிள் தேடினால், சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சுகிறது. ஒன்று, எட்டுப் பத்து வருஷத்துக்கு முன் மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் விற்ற, முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள, யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டு விற்கிற பழைய சைக்கிள். இன்னொன்று, கடையில் பெட்டி பிரித்து மாட்டித் தருகிற, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாமல், முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் மட்டும் உருப்படியான சஸ்பென்ஷன் உள்ள புது ஹார்ட்டெயில். இந்தக் காசுக்குப் புதிதாகவே ஃபுல் சஸ்பென்ஷன் கிடைக்காதா என்று கேட்டால், தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கும், ஆனால் அவற்றில் பின்னால் இருப்பது பேருக்கு ஒரு ஷாக், முன்னால் இருப்பது இரும்பு ஸ்பிரிங் போட்ட கனமான ஃபோர்க், அதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குப் பேசாமல் நடந்தே போகலாம்.

நான் பார்த்த இரண்டின் பிராண்டையும் சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. பழையது 2016 மாடல். அலுமினிய ஃபிரேம், 27.5 இஞ்ச் சக்கரம், சஸ்பென்ஷன் அமுங்குகிற தூரம், அதாவது டிராவல், முன்னால் 150 மி.மீ., பின்னால் 140 மி.மீ., முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பதினொரு கியர். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவர் வெளிநாடு போவதால் விற்கிறார், கேட்ட விலை 95,000. புதியது ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் ஆன ஆல் மவுன்டன் வகை ஹார்ட்டெயில், என் அளவுக்கு 27.5 சக்கரம், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் 140 மி.மீ. ஏர் ஃபோர்க், பத்து கியர், ஓட்டும்போதே சீட்டை இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட், கடை விலை 1,07,000.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் உயரம் 158 செ.மீ., எடை 52 கிலோ. சைக்கிள் பற்றி வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் எண்பது கிலோ ஆண்கள், அவர்களுக்கு அமுங்குகிற ஸ்பிரிங் எனக்கு அமுங்காது. மலிவு சைக்கிள்களில் வரும் காயில், அதாவது இரும்பு ஸ்பிரிங், ஃபோர்க்கில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. 140 மி.மீ. ஃபோர்க் என்றால் சும்மா ஏறி நின்றாலே நாலில் ஒரு பங்கு, அதாவது 35 மி.மீ. அளவுக்கு இறங்கி நிற்க வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் சக்கரம் கீழே போய் மண்ணைத் தொட இடம் இருக்கும். காயிலில் அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், மெல்லிய ஸ்பிரிங் நம்மூர்க் கடைகளில் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். ஏர் ஃபோர்க் என்றால் பம்பை மாட்டிக் கொஞ்சம் காற்றை இறக்கினால் முடிந்தது. அதனால் எடை குறைந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், கியர் எத்தனை, பிரேக் என்ன என்றெல்லாம் பார்ப்பதற்கு முன் ஃபோர்க் காற்றா ஸ்பிரிங்கா என்று கேளுங்கள். ஸ்பிரிங் என்றால் அடுத்த சைக்கிளைப் பார்க்கலாம்.

சரி, எங்கே ஓட்டப்போகிறோம்? எல்லாரும் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூட்டித்தான் பதில் சொல்வோம். கனவில் எல்லாருமே மணாலியில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வாரக்கடைசி என்றால் கனகபுரா ரோடு பக்கம் துரஹள்ளி, இல்லையென்றால் எலஹங்கா தாண்டி அவலஹள்ளி. இரண்டும் வனத்துறை நிலம், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். துரஹள்ளியில் செம்மண்ணும் சரளையும், நடுநடுவே யானை முதுகு மாதிரி பாறையும். இறக்கம் என்று பார்த்தால் எதுவும் சில நிமிஷங்களுக்கு மேல் நீளாது. பெங்களூரே 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, சுற்றியுள்ள குன்றுகள் அதற்கு மேல் கொஞ்சம்தான். நந்தி மலை 1,478 மீட்டர் என்றாலும் அங்கே பெரும்பாலும் தார் ரோடு. உண்மையான நீள இறக்கம் வேண்டுமென்றால் நான் கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். சுமார் 1,800 மீட்டர் உயரத்திலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் சரிகிற மலை, எஸ்டேட் பாதை, ஈரக்கல், வேர். அங்கே பின் சஸ்பென்ஷன் இருந்தால் சொர்க்கம். ஆனால் வருஷத்தில் எத்தனை முறை கோத்தகிரி, எத்தனை முறை துரஹள்ளி என்று யோசித்தால் விடை கையிலேயே இருக்கிறது.

பழையதைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு சைக்கிள் என்றால் கறுப்பு ராலே மாதிரி ஒன்று, இந்த டிராவல், ஹெட் ஆங்கிள் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் தேய்ந்த இரும்பு எது, தேயாத இரும்பு எது என்று அவருக்குத் தெரிகிற மாதிரி யூடியூபில் யாருக்கும் தெரியாது. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போகும்போது மடியில் ஒரு துணிப்பை, அதில் ஸ்டீல் ரூலும் ஒரு சின்ன டார்ச்சும்.

முதலில் செயின். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் சரியாக அரை இஞ்ச். ஆக, ஒரு பின்னில் ரூலின் பூஜ்யத்தை வைத்தால் அதற்கடுத்து இருபத்து நாலாவது பின் பன்னிரண்டு இஞ்சில் விழ வேண்டும். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதில் அரை நூல் தாண்டினாலே பதினொரு கியர் செயினை மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் ஓட்டினால் நீண்ட செயின் பல்சக்கரத்தையும் தின்ன ஆரம்பிக்கும். அப்பா குனிந்து டார்ச் அடித்து, ரூலை வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் விரலால் காட்டினார். முழுசாக ஒரு நூல் தாண்டி நின்றது. அதாவது செயின் மட்டும் போகவில்லை, பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து போயிருக்கிறது. புது செயினை அந்தக் கேசட்டில் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும்.

அப்புறம் சீட்டைப் பிடித்து சைக்கிளை மெதுவாகத் தூக்கினார். சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் எங்கோ உள்ளே ஒரு 'டொக்'. மறுபடி இறக்கினார், மறுபடி தூக்கினார், மறுபடி 'டொக்'. பின் சஸ்பென்ஷன் சைக்கிளில் ஃபிரேம் பின்பாதி மடங்குகிற இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன பேரிங், ஷாக்கின் இரண்டு முனையிலும் புஷ். அதில் எது ஆடினாலும் இந்தச் சத்தம் வரும். ஷாக் முனையில் விரலை வைத்துக்கொண்டு தூக்கினால் அங்கே ஆடுகிறதா, கீழே ஃபிரேம் மடங்குகிற மெயின் பிவட்டில் ஆடுகிறதா என்று விரலே சொல்லிவிடும். இரண்டிலும் ஆடியது.

"தம்பி, இதைக் கடைசியா எப்பக் கழட்டுனீங்க?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும் அங்கிள். வேலை மாறுனதுக்கப்புறம் சரியா ஓட்டவே இல்ல. சும்மாதான் நிக்குது."

"சும்மா நிக்கிறதுதாம்பா பேரிங்குக்கு வினை. கிரீஸ் காஞ்சு துரு ஏறிடும்."

அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒளிக்காமல் எல்லாவற்றையும் காட்டினார், ஃபிரேம் நம்பர் போட்ட பழைய பில்லையும் எடுத்து வைத்திருந்தார். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், பில் இல்லாத சைக்கிள் எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வேண்டாம், அது யார் வீட்டு பார்க்கிங்கிலிருந்து கிளம்பியதோ. ஃபிரேமில் வெல்டிங் ஓரங்களை, முக்கியமாக ஹேண்டில்பாருக்குக் கீழே, பெடல் இருக்கும் இடத்தைச் சுற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம், விரிசல் இல்லை. ஃபோர்க்கின் வழவழப்பான கால்களில் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தால் எங்கும் மாட்டவில்லை. நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் அது வழியாக ஆயில் கசியும், மண் உள்ளே போகும், அந்தக் காலை மாற்றுகிற செலவில் ஃபோர்க்கே வாங்கிவிடலாம். அந்த விஷயத்தில் இந்த சைக்கிள் சுத்தம்.

என்னை யோசிக்க வைத்தது ஷாக்தான். அமுக்கிவிட்டால் திரும்பி வரும்போது உள்ளே சப்பென்று ஈரச் சத்தம். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. சர்வீஸ் பண்ணினால் சரியாகலாம். சரியாகாவிட்டால்? இங்கேதான் வருஷம் முக்கியமாகிறது. 2016-ல் சஸ்பென்ஷன் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் நிறுவனம் பின் ஷாக்குகளுக்கு மெட்ரிக் என்று ஒரு புது அளவு வரிசையைக் கொண்டுவந்தது, அதன் பின் வந்த ஃபிரேம்கள் பெரும்பாலும் அந்த அளவுக்கு மாறிவிட்டன. நான் பார்த்த சைக்கிளில் இருந்தது அதற்கு முந்தைய 200க்கு 57, அதாவது நீளம் 200 மி.மீ., அமுங்குவது 57 மி.மீ. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 210க்கு 55 ஷாக் இதில் உட்காராது, துளைக்குத் துளை ஒரு சென்டிமீட்டர் கூடுதல். பழைய அளவில் புதிதாக வாங்க முடியும், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், சுங்கத்தோடு சேர்த்தால் நாற்பதாயிரத்தைத் தொடும் என்று சிவாஜிநகர் மெக்கானிக் சொன்னார். பின் சக்கர ஆக்சிலும் அதே கதை. 142 மி.மீ. அகலம், இப்போது எல்லாரும் 148. ரிம் நசுங்கினால் ரிம்மை மட்டும் மாற்றலாம், ஹப் போனால் தேட வேண்டும். 26 இஞ்ச் சக்கரம் இல்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், அதில் நல்ல டயரே அரிதாகிவிட்டது.

பழைய சைக்கிளில் இருக்கும் நல்ல பாகங்களைப் பார்த்து நாம் மயங்குகிறோம். மூன்று லட்ச ரூபாய் சைக்கிள் ஒரு லட்சத்துக்கு வருகிறது என்று. ஆனால் அதைப் பராமரிக்கிற செலவு இன்னும் மூன்று லட்ச ரூபாய் சைக்கிளின் செலவுதான், அது வருஷம் ஆக ஆகக் குறைவதில்லை. ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதினேன். 95,000 என்று சொன்னவர் 88,000-க்கு இறங்கிவிட்டார். செயின், கேசட், முன் பல்சக்கரம் மூன்றும் 14,000. ஷாக்கை முழுசாகப் பிரித்து சர்வீஸ் 8,000. ஃபோர்க்குக்கு 4,500. பேரிங் எல்லாம் மாற்றக் கூலியோடு 6,500. டயர் இரண்டிலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது, 7,000. கூட்டினால் நாற்பதாயிரம். ஆக 1,28,000, ஷாக் பிழைக்கும் என்ற நம்பிக்கையின் மேல். முட்டிக்கவசம், டயருக்குள் ஊற்றினால் முள் குத்திய ஓட்டையை அடைக்கிற சீலன்ட் எதுவும் இதில் இல்லை.

இதோடு முடிவதுமில்லை. ராக்ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றி ஆயில் மாற்றச் சொல்கிறது, வாரம் நாலு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. ஏர் ஷாக்கில் காற்று அடைத்திருக்கும் டப்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. யாரும் அவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை, நானும் செய்யப்போவதில்லை, ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும். ஹார்ட்டெயிலில் பாதி வேலை இல்லவே இல்லை. ஃபோர்க்கின் கீழ்க்கால் சர்வீஸை வீட்டிலேயே செய்யலாம், ஆலன் கீ, ரப்பர் சுத்தி, சரியான ஆயில், ஒரு வேண்டாத தட்டு போதும், எங்கள் வீட்டில் அப்பா அதற்கு இப்போதே தயாராக இருக்கிறார்.

விலையைப் பற்றி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. முன்பு 1,14,000 போட்டிருந்த சைக்கிள் இன்று 1,07,000-க்கு வருகிறது என்றால் அது கடைக்காரரின் தாராளமில்லை, இந்தக் குறைப்புதான். செகண்ட் ஹேண்டில் விற்கிறவர்கள் பலர் இன்னும் பழைய புது விலையைத் தலையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து கழிக்கிறார்கள். பேரம் பேசும்போது இன்றைய கடை விலையிலிருந்து தொடங்குங்கள். 2023 பட்ஜெட்டில் இறக்குமதி சைக்கிளுக்கு சுங்கத்தை 30-லிருந்து 35 சதவீதமாக ஏற்றியது தனிக் கதை, வெளிநாட்டு பிராண்டுகள் எல்லாம் நம்மூரில் ஏன் இந்த விலை என்று வயிறு எரிகிறவர்கள் அங்கே போய் எரிந்துகொள்ளலாம்.

புதியது மட்டும் உத்தமமா என்றால் அதுவும் இல்லை. விலையை அடக்க எங்கெங்கே கிள்ளியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். பிரேக் ஹைட்ராலிக்தான், ஆனால் டிஸ்க்கின் மேல் சின்ன எழுத்தில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கிறது. அந்த டிஸ்க்கில் மெட்டல் பேட் போடக்கூடாது, சீக்கிரம் தின்றுவிடும். பெங்களூர் மழைக்காலத்தில் செம்மண் குழம்பில் ரெசின் பேட் கரைகிற வேகம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். டயர் ஓரம் மெல்லிசு. டிராப்பர் போஸ்ட் இருக்கிறது, இறக்கம் 125 மி.மீ. தான், என் காலுக்கு அது போதும், உயரமானவர்கள் திட்டுவார்கள். பெடல் பிளாஸ்டிக்.

இவையெல்லாம் பிறகு மாற்றக்கூடியவை. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றினால் முடிந்தது. மாற்ற முடியாதவை எவை என்று தனியாகப் பார்க்க வேண்டும்: ஃபிரேமின் கோணம், நீளம், ஆக்சில் அகலம், ஃபிரேமில் ஃபோர்க் நுழைகிற ஹேண்டில் குழாயின் வடிவம், டிராப்பர் கேபிள் உள்ளே போக வழி, ரிம் டியூப்லெஸ் ஆகுமா என்பது. இந்தப் பட்டியலில் புதியது தேறிவிடுகிறது. பின் ஆக்சில் 148, முன்னால் 110, ஹேண்டில் குழாய் கீழே அகன்று வருகிற டேப்பர் வகை, நாளைக்கு நல்ல ஃபோர்க் ஒன்று கிடைத்தால் அப்படியே மாட்டலாம். இதே கடையில் இருபதாயிரம் குறைவாக ஒரு சைக்கிள் இருந்தது, பார்க்க இதே மாதிரி, பெயின்ட் இன்னும் அழகு. ஆனால் பின்னால் குவிக் ரிலீஸ் என்கிற பழைய மெல்லிய ஆக்சில், ஹேண்டில் குழாய் நேர் குழாய். அதில் இன்றைய நல்ல ஃபோர்க் பெரும்பாலும் ஏறாது.

கோணம் என்றேனே, பத்து வருஷத்தில் சைக்கிளில் உண்மையாக மாறியது அதுதான் என்று நினைக்கிறேன். பழையதில் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் தரையோடு சாய்ந்திருக்கிற கோணம், 67 டிகிரி; ரீச், அதாவது பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்முனை வரை கிடைநீளம், 390 மி.மீ.; ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம் நீளம். புதியதில் 65.5 டிகிரி, ரீச் 415, ஸ்டெம் குட்டை. முன் சக்கரம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பதால் செங்குத்தான இடத்தில் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறப்போமோ என்ற பயம் குறைகிறது. ஒரு விஷயம் கடைக்காரர் சொல்ல மாட்டார்: ஹார்ட்டெயிலில் ஃபோர்க் அமுங்க அமுங்க முன்பக்கம் மட்டும் தாழ்ந்து அந்தக் கோணம் நிமிர்ந்துவிடும், ஃபுல் சஸ்பென்ஷனில் பின்னாலும் சேர்ந்து தாழ்வதால் அவ்வளவு மாறாது. ஆகவே தாளில் இருக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் ஓட்டும்போது அப்படியே வராது. இருந்தாலும் வித்தியாசம் இருக்கிறது. சீட் குழாயும் புதியதில் நிமிர்ந்திருக்கிறது, ஏற்றத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது இடுப்பு பின்னால் சரிவதில்லை.

மதுரைக்காரர் நல்ல மனசு, தன் சைக்கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை துரஹள்ளிக்கே கொண்டுவந்தார். ஆபீஸ் நண்பரிடம் நான் பார்த்த அதே ஹார்ட்டெயில் கொஞ்சம் பெரிய அளவில் இருந்தது, அதையும் கடன் வாங்கினேன். ஒரே பாதை, ஒன்றன் பின் ஒன்றாக.

பொய் சொல்ல மாட்டேன், இறக்கத்தில் பழையதுதான் ஜெயித்தது. பாறைப் படிக்கட்டு மாதிரி இறங்குகிற இடத்தில் பின் சக்கரம் கல்லைத் தொட்டுத் தொட்டுத் தண்ணீர் மாதிரி வழிந்தது, தேய்ந்த பேரிங்கோடும் சத்தம் போடுகிற ஷாக்கோடும். அதே இடத்தில் ஹார்ட்டெயில் உள்ளங்காலில் அடித்தது, முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகுத்தண்டு கேட்கும். ஆனால் அந்த இறக்கம் எவ்வளவு நேரம்? ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் கீழே வந்துவிட்டோம். திரும்ப மேலே ஏறும்போது பழையதின் பின்பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்தது, லாக் லீவரைப் போட்டாலும் ஷாக் பிடிக்கவில்லை. ஹார்ட்டெயில் மிதித்த மிதி முழுவதும் சக்கரத்துக்குப் போய் விறுவிறுவென்று ஏறியது. வளைந்து வளைந்து போகிற செம்மண் ஒற்றையடிப் பாதையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, சொல்லப்போனால் ஹார்ட்டெயில்தான் அதிக சேட்டை.

ஆபீஸ் நண்பர் ஃபுல் சஸ்பென்ஷன் கட்சி. பின்னால் ஷாக் இல்லாத சைக்கிளை ஆல் மவுன்டன் என்று சொல்வதே பித்தலாட்டம் என்பார். ஆனால் 1976-ல் கலிஃபோர்னியாவில் மரின் மாவட்டத்து மலையில் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் ஓட்டியவர்களிடம் சஸ்பென்ஷன் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, பழைய கனமான பலூன் டயர் சைக்கிள்தான். பின்னால் மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் பிரேக், ஒரு இறக்கம் முடிவதற்குள் ஹப் சூடாகி கிரீஸ் புகைந்துபோக, மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். சைக்கிளுக்கென்று ராக்ஷாக்ஸின் முதல் ஃபோர்க் வந்ததே 1989-ல். அவர்கள் செய்தார்கள் என்பதற்காக நாமும் இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை, 140 மி.மீ. ஏர் ஃபோர்க்கும் 2.4 இஞ்ச் டியூப்லெஸ் டயரும் நல்ல டிஸ்க் பிரேக்கும் உள்ள இன்றைய ஹார்ட்டெயில் எவ்வளவு முன்னேறிய வண்டி என்று நண்பருக்குப் புரிந்தால் சரி.

புதியதையே எடுத்தேன். 1,07,000 போக மீதி இருந்த பதினெட்டாயிரத்தில் முதல் செலவு முட்டிக்கவசம், 4,000. ஹெல்மெட் ஏற்கெனவே இருந்தது. மெட்டல் பேட் ஏற்கிற டிஸ்க்கும் பேடும் 3,500, அதைக் கடையிலேயே வண்டி எடுக்கும்போது மாற்றச் சொல்லிவிட்டேன், பழைய டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டேன். ஷாக் பம்ப் 2,000. டியூப்பைப் பிடுங்கிவிட்டு வால்வும் சீலன்டும் போட இன்னொரு 2,000. பெங்களூரைச் சுற்றியிருக்கும் காட்டில் சீமைக் கருவேல முள்ளும் உண்ணிச்செடியும் இருக்கும்வரை டியூப்போடு போகிறவர் பஞ்சர் ஒட்டத்தான் போகிறார். சீலன்ட் நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், டப்பாவில் ஆறு மாசம் என்று போட்டிருந்தாலும் மூன்று மாசத்தில் சக்கரத்தைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே திரவம் அசைகிற சத்தம் கேட்கவில்லையென்றால் ஊற்றுகிற நேரம் வந்துவிட்டது. காற்று விஷயத்திலும் டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். என் எடைக்குப் பின்னால் 21 பி.எஸ்.ஐ., முன்னால் 18 போதுமாக இருக்கிறது, பின் சஸ்பென்ஷன் இல்லாத குறையில் பாதியை அந்த டயர்தான் தாங்குகிறது. அதே 21-ஐ எண்பது கிலோக்காரர் வைத்தால் முதல் பாறையிலேயே ரிம் 'டங்' என்று பாடும். அவர் 26, 27-ல் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கலாம். மீதி ஆறாயிரத்துச் சொச்சத்தைத் தொடவில்லை, தேய்கிற முதல் டயருக்கு.

பழைய சைக்கிள் மோசம் என்று இதைப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வால்பாறை, குன்னூர் பக்கம் வீடு இருக்கிறவர்கள், தினமும் நீள இறக்கம் கிடைக்கிறவர்கள், பேரிங்கைத் தானே அழுத்தி மாற்றத் தெரிந்தவர்கள், எழுபது கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு அதுதான் சரியான சைக்கிள், ஒன்றேகால் லட்சத்தில் அந்த மாதிரி ஃபிரேம் புதிதாகக் கிடைக்காது. 2017-க்குப் பின் வந்த மாடலாக, மெட்ரிக் ஷாக்கும் 148 ஆக்சிலும் உள்ளதாகத் தேடினால் என் கணக்கில் பாதி பயம் போய்விடும், விலை கொஞ்சம் ஏறும். மதுரைக்காரருடையது நான் எழுதும் இன்றுவரை போகவில்லை, அடுத்த மாசம் அவருக்கு விமானம். ஐந்தடி நாலு அங்குலத்துக்குள் இருக்கிறவர்கள், செயினும் கேசட்டும் ஷாக்கும் சேர்த்து 22,000 செலவு காத்திருக்கிறது என்று ரூலை வைத்துக் காட்டிப் பேசினால் 75,000-க்குக் கொடுத்துவிடுவார் என்றுதான் அப்பா சொல்கிறார்.